கோடு கீறிய டம்ளர்

நாற்பதைத் தாண்டி ஐம்பதை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்களே, உங்களிடம் ஒன்று கேட்கிறேன். பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் அம்மா அப்பாவுக்கு வாயாக இருந்தீர்களா? டாக்டரிடமும் வங்கியிலும் வீட்டுச் சொந்தக்காரரிடமும் அவர்கள் தமிழில் சொல்லச் சொல்ல நீங்கள் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு நின்றீர்களா? அப்படியென்றால் இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். ஆனால், ‘சின்னப் பிள்ளைதானே, விடு’ என்று எனக்குச் சமாதானம் சொல்ல யாரும் வர வேண்டாம். அதை நானே முப்பது வருடமாக எனக்குச் சொல்லிப் பார்த்துவிட்டேன், எடுபடவில்லை.

இப்போது ஆக்லாந்தில் பெட்ரோல் போடும் இடத்தில்கூட சுஷி, அதாவது சோற்றைச் சுருட்டித் துண்டு போட்டது, விற்கிறது. கோழி, மயோனீஸ், வெண்ணெய்ப் பழம் என்று உள்ளே எதை வைத்தாலும் அதற்குப் பெயர் சுஷிதான். என் மகள் வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்கூடத்துக்கு அதைத்தான் எடுத்துப்போகிறாள். அது அசல் ஜப்பான் சாப்பாடு என்பது அவள் நம்பிக்கை. நான் அவளிடம் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் ஆக்லாந்தின் மவுண்ட் ரோஸ்கில் பகுதியில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். எனக்குப் பதின்மூன்று வயது. அப்பா திருச்சியில் எஞ்சினியராக இருந்தவர். வந்து ஒரு வருடமாகியும் இங்கே யாரும் அவரைக் கூப்பிடவில்லை. உள்ளூர் அனுபவம் இல்லை என்று எழுதிய கடிதங்கள் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தன. காலையில் சட்டையை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவார். அவர் எதிரே யாரும் சத்தமாகச் சிரிக்கக் கூடாது. யாரும் அப்படி உத்தரவு போடவில்லை, வீடே அப்படி ஆகிவிட்டது.

முதலில் வேலை கிடைத்தது அம்மாவுக்கு. பக்கத்து வீட்டில் நர்ஸ் ஆன்ட்டி இருந்தார். மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்தவர், வாய் நிறையப் பேசுவார், கை நிறையக் கொடுப்பார். பக்கத்துப் பேட்டையான ஒனிஹங்காவில் ஒரு கடையின் கண்ணாடியில் சமையலறை உதவிக்கு ஆள் வேண்டும், அரிசிச் சோறு செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று எழுதியிருந்ததைப் பார்த்து வந்து சொன்னது அவர்தான். “அக்கா, சோறு ஆக்கறதுக்குச் சம்பளம் தர்றாங்க. நம்மள விட யாருக்குத் தெரியும்?” என்றார். அம்மா மறுநாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அங்கே போய் நின்றாள். நான்தான் அவளுக்காகப் பேசி வேலை வாங்கிக்கொடுத்தேன். அன்று எனக்கு இருந்த கர்வத்தை இன்று நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

அது சுஷி செய்து விற்கும் கடை. முதலாளியம்மா ஒரு வெள்ளைக்காரி, அதற்கு முன்பு அதே இடத்தில் மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட ‘பை’ பலகாரம் விற்றுக்கொண்டிருந்தவர். எல்லர்ஸ்லி அலுவலகங்களுக்குத் தினமும் பதினொரு மணிக்கு வேனில் சாப்பாட்டுப் பெட்டிகள் போகும். சனி, ஞாயிறு அலுவலகம் கிடையாது, கடையும் கிடையாது. அம்மா சுத்த சைவம். மீனைக் கண்ணால் பார்த்தாலே முகம் சுளிக்கிறவள் அங்கே மீன் வெட்டிய பலகையைத் தேய்த்தாள். வீட்டுக்கு வந்ததும் தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் அடுப்பங்கரைக்குள் நுழைவாள். குளிர்காலத்தில் ஈரத்தலையோடு நின்று அவள் ரசம் வைத்ததைப் பார்த்துக்கொண்டேதான் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, மேசையிலிருந்து தலையை நிமிர்த்தியதும் இல்லை.

சமையல்காரர் ஜப்பான்காரர், ஒல்லியான மனிதர். நாற்பத்தைந்து வயது இருக்கலாம், எந்நேரமும் பின்வாசலில் சிகரெட். பதினைந்து வருடம் லாஸ் ஏஞ்சல்ஸில் சுஷி செய்துவிட்டு இங்கே வந்தவர். மனைவி பிரிந்துபோய் மகளோடு அங்கேயே இருந்தாள். மகளின் படம் ஒன்று சோற்று அண்டாவுக்கு மேலே ஒட்டியிருக்கும். என் வயதுதான், பல்லில் கம்பி கட்டியிருந்தாள். ஜூலை விடுமுறைக்கு அவள் ஆக்லாந்து வருவதாக ஏற்பாடு. அவளுக்காக ஒரு கட்டில் வாங்கிவிட்டேன் என்று என்னிடமே இரண்டு முறை சொன்னார்.

பள்ளிக்கூடம் விட்டதும் நான் பஸ் பிடித்து நேரே கடைக்குப் போவேன். கவிழ்த்துப் போட்ட எண்ணெய் டின் மேல் உட்கார்ந்து கணக்குப் போடுவேன். வேன் திரும்பி வந்த பிறகு அவருக்கு ஓய்வு. ஆங்கிலத்தை உடைத்து உடைத்து, வேகமாகப் பேசுவார். அம்மாவிடம் பேச வேண்டியதை என்னிடம் சொல்வார், என் வாய் வழியாக அது அம்மாவிடம் போகும். காலை நேரங்களில் நான் இல்லாதபோது இருவரும் கையாலேயே பேசிக்கொள்வார்களாம்.

அந்தக் கடையில் சோறு வெளியே இருக்கும், கருப்புத் தாள் உள்ளே சுருண்டிருக்கும். கருப்புத் தாள் என்றால் கடற்பாசியைக் காயவைத்துத் தட்டியது. அவருடைய ஊரில் அது வெளியேதான் இருக்குமாம். அமெரிக்காவில் போய் அப்படிக் கொடுத்தால், ஏதோ காகிதத்தை எடுக்க மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அதை உரித்துத் தட்டு ஓரத்தில் வைத்தார்களாம். அதனால் அங்கே இருந்த சமையல்காரர்கள் தாளை உள்ளே ஒளித்துச் சோற்றை வெளியே திருப்பிவிட்டார்கள். கொழுப்பான மீன் வருடம் முழுக்கக் கிடைக்கவில்லை, அந்த வழவழப்புக்கு வெண்ணெய்ப் பழத்தை வைத்தார்கள். பச்சை மீனுக்குப் பயந்தவர்களுக்கு நண்டு. நண்டு கட்டுப்படியாகாதபோது நண்டு நிறம் பூசிய மீன் மசியல். இங்கே வந்த பிறகு அதுவும் போய்க் கோழி.

இதையெல்லாம் சொல்லி அவர் ஒன்றும் கண்ணீர் விடவில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார். ஜப்பானில் இருக்கும் அவருடைய அண்ணன் மயோனீஸ் வைத்த சுஷியின் படத்தைப் பார்த்துவிட்டு, இனி ஊருக்கு வராதே என்று எழுதினாராம். அதையும் சிரித்துக்கொண்டே சொன்னார். சாப்பிடுகிறவன் எப்படிக் கேட்கிறானோ அப்படிச் செய்வதுதான் வேலை என்பது அவர் கட்சி.

ஆனால் ஒரு நாள் சிரிக்காமல் பேசினார். அம்மா அப்போதுதான் சோற்றில் வினிகர் கலக்கும் வேலைக்கு ஏறியிருந்தாள். அவர் என்னைக் கூப்பிட்டு, அம்மாவுக்கு இதைத் தெளிவாகச் சொல் என்றார். மீனை மாற்றலாம். தாளை ஒளிக்கலாம். மயோனீஸ் பிதுக்கலாம், எனக்குக் கவலையில்லை. வினிகரில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது ருசிக்கு மட்டும் போடுவது இல்லை. அந்தக் காலத்தில் மீனைச் சோற்றில் புதைத்துவைப்பார்கள், சோறு புளித்து அந்த மீனைக் காப்பாற்றும். சோற்றைத் தூர எறிந்துவிட்டு மீனை மட்டும் தின்பார்கள். புளிப்புதான் இதில் மூத்தது, மற்றதெல்லாம் பிறகு வந்தது. இந்தச் சோற்றைக் குளிர்பெட்டியில் வைத்தால் விறைத்துப்போகும், அதனால் வெளியேதான் வைக்கிறோம். வெளியே கெடாமல் இருப்பது வினிகரால்தான். வினிகர் இல்லாத சோறு என்றால் மத்தியானத்துக்குள் குப்பையில் போட்டுவிட வேண்டும், நன்றாக இருக்கிற மாதிரி தெரிந்தாலும் போட்டுவிட வேண்டும்.

இவ்வளவையும் அவர் சொன்னார். எனக்கு எப்படி இவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று கேட்பீர்கள். அதற்குப் பிறகு இதை நினைக்காத வாரம் இல்லை, அதனால்தான். அன்று எனக்கு மறுநாள் அல்ஜீப்ரா டெஸ்ட். எக்ஸ் எங்கேயோ மாட்டிக்கொண்டிருந்தது. அம்மா கையைத் துடைத்துக்கொண்டு, “என்னடி இவ்ளோ நேரம் சொல்றார்?” என்று கேட்டாள். நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “வினிகர் ரொம்ப முக்கியமாம்மா. அதுதான் ருசியாம்” என்றேன்.

அம்மா அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். அவருக்குத் திருப்தி. அம்மா தண்ணீர் குடிப்பதற்கு வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த எவர்சில்வர் டம்ளரை வாங்கினார். அவளுடைய கல்யாணத்துக்கு வந்த ஆறு டம்ளர்களில் ஒன்று, அப்பாவின் பெயர் வெட்டியிருக்கும். கத்தி முனையால் அதன் உள்பக்கம் குறுக்கே ஒரு கோடு கீறினார். ஓர் அண்டா சோற்றுக்கு இந்தக் கோடு வரை வினிகர் என்று விரலால் காட்டினார். அதற்கு என் உதவி தேவைப்படவில்லை.

உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் புளியோதரை இரண்டு நாள் தாங்கும். திருச்சியிலிருந்து திருப்பதிக்குப் போகும்போது அம்மா கட்டிக்கொண்டு வருவாள், திரும்பி வரும் வழியிலும் அதையே சாப்பிடுவோம். புளி குறைந்தால் ஊசிப்போகும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ‘நம்ம புளியோதரைக்குப் புளி மாதிரி’ என்று நான் சொல்லியிருந்தால் போதும், அந்தக் கோட்டை அவள் மீறியிருக்கவே மாட்டாள். எனக்கு அன்று எக்ஸ் தான் பெரிதாக இருந்தது.

பிப்ரவரியில் நர்ஸ் ஆன்ட்டியின் மகனுக்கு ஐந்தாவது பிறந்த நாள் வந்தது. மவுண்ட் ரோஸ்கில்லில் ஒரு ஹால் எடுத்திருந்தார்கள். சனிக்கிழமை, அழைக்கப்பட்டவர்களில் பாதிப் பேர் அன்றைக்குச் சைவம். ஆன்ட்டிக்கு எதையும் புதுமையாகச் செய்ய வேண்டும். சைவ சுஷி போடலாம் அக்கா, யாரும் இதுவரை போட்டதில்லை என்று அம்மாவைப் பிடித்துக்கொண்டார். முதலாளியம்மாவுக்குப் பெரிய ஆர்டர் என்று சந்தோஷம். கடைச் சாவி அம்மாவிடம்தான் இருக்கும், சனிக்கிழமை காலையில் வந்து செய்துகொள் என்று சொல்லிவிட்டார்.

அம்மா முதலில் கொஞ்சம் செய்து ஆன்ட்டிக்குக் கொடுத்துப் பார்த்தாள். வெண்ணெய்ப் பழம், வெள்ளரி, வதக்கிய காரட். அவர்கள் வைக்கும் பச்சைக் காரத்துக்குப் பதிலாகப் புதினாச் சட்னி, அது அம்மாவின் சொந்த யோசனை. ஜப்பானிலிருந்து கிளம்பி அமெரிக்கா போய்த் தலைகீழாகத் திரும்பியது, எங்கள் வீட்டுக்கு வந்து சட்னியும் தொட்டுக்கொண்டது. ஆன்ட்டி ஒரு துண்டை வாயில் போட்டார், மென்றார், முகம் மாறியது.

“அக்கா, சோறு புளிக்குதுலா. கெட்டுப்போன மாதிரி இருக்கு. நம்ம ஆளுங்க சாப்பிட மாட்டாங்க.”

எங்கள் நாக்குக்கு அது அப்படித்தான். வெள்ளைச் சோறு புளித்தால் ஊசிப்போய்விட்டது என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறோம். அம்மாவும் அதை ஒப்புக்கொண்டாள். தனக்கும் முதல் நாள் அப்படித்தான் தோன்றியது என்றாள். நம்ம ஆட்களுக்குத் தகுந்தாற்போல் குறைத்துவிடுகிறேன் என்றாள். சோறு கெட்டுவிட்டதோ என்று விருந்தாளிகள் நினைத்துவிடக் கூடாதே என்பதுதான் அவள் பயம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பா எங்களைக் கடையில் இறக்கிவிட்டார். ஜப்பான்காரருக்கு அன்று விடுமுறை. சோறு வெந்ததும் அம்மா மரத்தொட்டியில் கொட்டினாள். நான் விசிறினேன். அவர் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கொண்டு வந்த காகித விசிறி அது, ஏதோ மீன் மண்டியின் விளம்பரம் போட்டது. அம்மா டம்ளரில் வினிகரை ஊற்றினாள். கோட்டுக்கு வெகு கீழே, அடியில் ஒரு விரற்கடை அளவுக்குத்தான். மேலே கொஞ்சம் சர்க்கரை. கலந்து ஒரு வாய் எனக்கு ஊட்டினாள்.

“எப்படிடி இருக்கு?”

“இப்பதாம்மா நல்லா இருக்கு” என்றேன். உண்மையில் நன்றாகத்தான் இருந்தது.

பத்து மணிக்குள் எல்லாவற்றையும் சுருட்டி, வெட்டி, தட்டுகளில் அடுக்கி, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு இறுக்கினோம். சோற்றில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. ஹாலின் சமையலறையில் ஜன்னல் ஓரமாக அடுக்கிவைத்தோம். அன்று நல்ல வெயில். பன்னிரண்டு மணிக்கு என்று அழைப்பிதழில் போட்டிருந்தது. நம் ஆட்கள் பன்னிரண்டு என்றால் எப்போது வருவார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கேக் வெட்டும்போது மூன்று. சாப்பாடு திறக்கும்போது மூன்றரை தாண்டிவிட்டது. அம்மா ஒரு துண்டை எடுத்து மோந்து பார்த்தாள், விரலால் அழுத்திப் பார்த்தாள். நூல் விடவில்லை, வாடை இல்லை. நம் வீட்டுச் சோற்றுக்கு இந்தப் பரீட்சை போதும். அந்தச் சோற்றுக்குப் போதாது என்று அவளுக்குத் தெரியாது.

எல்லோரும் பாராட்டினார்கள். குழந்தைகள் சட்னியைத் தள்ளிவிட்டு மற்றதைத் தின்று தீர்த்தார்கள். பிறந்த நாள் பையன் தட்டைத் தூக்கிக்கொண்டு மூன்றாவது முறை வந்தான். அவனுக்கு நான்தான் எடுத்து வைத்தேன். எனக்கும் அம்மாவுக்கும் பரிமாறிய அலுப்பில் சாப்பிடத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்கு முதல் குழந்தை வாந்தி எடுத்தது. வெயிலும் கேக்கும் சேர்ந்துகொண்டது என்றார்கள். அரை மணி நேரத்தில் ஹாலின் இரண்டு கழிவறைகளும் போதவில்லை. பெரியவர்கள் வாசலில் புல்தரையில் குனிந்து நின்றார்கள். பலூன்கள் கட்டியபடியே இருந்தன. நர்ஸ் ஆன்ட்டி தானும் வாந்தி எடுத்துக்கொண்டே ஒவ்வொரு குழந்தையின் கண்ணையும் இழுத்துப் பார்த்தார். தன் மகனிடம் வந்ததும் அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். பையன் துவண்டு கிடந்தான், கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தது. அவன் பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்தான், முதல் மூன்று நாள் தீவிர சிகிச்சையில்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருவில் ஒரே பேச்சு. பச்சை மீன் வெட்டின கத்தியால் காய் வெட்டியிருப்பார்கள், அதுதான் காரணம் என்றார்கள். ஜப்பான்காரன் கடை என்றாலே அப்படித்தான் என்றார்கள். சோற்றின் மேல் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அம்மாவுக்கு மட்டும் வந்துவிட்டது. அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றுகொண்டு, “நான் வினிகரைக் குறைச்சதுனாலதானோ?” என்று கேட்டாள். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அப்பா ஒரு வருடத்தில் முதல் தடவையாக மேசையை விட்டு எழுந்து வந்தார். கதவைச் சாத்தினார். இது கேஸாகும் என்றார். கேஸானால் பாஸ்போர்ட்டில் இருக்கும் ரெசிடென்ஸ் ஸ்டாம்பை, இங்கே தங்கும் அனுமதியையே, ரத்து செய்துவிடுவார்கள், மூன்று பேரும் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான், திருச்சியில் வேலையையும் விட்டாயிற்று, வீட்டையும் விற்றாயிற்று என்றார். அதெல்லாம் நடக்காத காரியம் என்று எனக்குத் தெரிய இருபது வருடமாயிற்று. அதிகாரிகளுக்கு வேண்டியிருந்தது காரணம் மட்டும்தான். அம்மாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் படித்த மனிதர் சொல்கிறார், அதுவும் நடுங்கிக்கொண்டு சொல்கிறார். நாங்கள் நம்பினோம். அம்மா நகர்ந்ததும் என் தோளைப் பிடித்து, “உங்கம்மாவுக்கு வெள்ளந்தி மனசு. அவ என்ன சொன்னாலும் நீ பாத்துப் பேசும்மா” என்றார்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டு டப்பாவைத் தேடிப் பைக்குள் கையை விட்டேன். டம்ளர் தட்டுப்பட்டது. சனிக்கிழமை இதே பையைத்தானே கடைக்குக் கொண்டுபோனோம், அவசரத்தில் இதில் விழுந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றரை மணிக்குக் கடைக்குப் போனபோது நால்வரும் எனக்காகக் காத்திருந்தார்கள். நகர கவுன்சிலிலிருந்து வந்த சுகாதார அதிகாரி, முதலாளியம்மா, ஜப்பான்காரர், அம்மா. அதிகாரி இளைஞர், மரியாதையானவர். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார். கவலைப்படாதே, நான் கேட்பதை அம்மாவிடம் கேட்டு அவர் சொல்வதை அப்படியே சொன்னால் போதும் என்றார். நான் எண்ணெய் டின் மேல் உட்கார்ந்தேன், பையைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டேன்.

சோறு எப்படிச் செய்தீர்கள், யார் சொன்னபடி செய்தீர்கள் என்று கேட்டார்.

அம்மா தரையைப் பார்த்துக்கொண்டு தெளிவாகச் சொன்னாள். “அவர் அன்னிக்கு வரவே இல்ல. அவர் சொன்னது வேற. நான்தான் வினிகரைக் குறைச்சேன். அப்படியே சொல்லு.”

நான் அதிகாரியைப் பார்த்து, சமையல்காரர் கற்றுக்கொடுத்தபடிதான் செய்தேன் என்கிறார், வெளியே வைக்கச் சொன்னதும் அவர்தான் என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். என் குரல் நடுங்கவில்லை. வங்கியில் பேசுகிற அதே குரல்.

வினிகருக்கு அவர் ஏதாவது அளவு கொடுத்திருந்தாரா என்று அடுத்த கேள்வி.

“கொடுத்தார். கோடு போட்டே கொடுத்தார்” என்றாள் அம்மா.

இல்லை, அவர் அளவு எதுவும் கொடுக்கவில்லை என்கிறார் என்றேன்.

ஜப்பான்காரர் சுவரோரமாக நின்றிருந்தவர் நிமிர்ந்தார். அவருக்குக் கோபம் வரவில்லை, குழப்பம்தான். கொடுத்தேன், ஸ்டீல் கப்பில் கோடு போட்டுக் கொடுத்தேன் என்றார். இதோ இங்கேதான் இருக்கும் என்று தொட்டிக்கு மேலே இருந்த பலகையில் தேடினார். சோயா டின்களை நகர்த்தினார். குனிந்து அடுப்புக்கு அடியில் கையை விட்டுத் துழாவினார். முதலாளியம்மா மணியைப் பார்த்தார். அம்மாவும் தேடினாள். பாத்திர அலமாரியைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துத் தேடினாள். அது எங்கே இருக்கிறது என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன். இரண்டு முழங்கால்களாலும் பையை இறுக்கிக்கொண்டேன். எடுத்துக் கொடுத்திருந்தால் அந்த நிமிடமே எல்லாம் முடிந்திருக்கும். எனக்குப் பெட்டி தூக்கும் அப்பாவின் முகம்தான் கண்ணில் நின்றது.

கடைசியில் அவர் என் முன்னால் வந்து உட்கார்ந்தார். என் கண் மட்டத்துக்குக் குனிந்து மெதுவாகக் கேட்டார்: நீ தினமும் இங்கே இருக்கிறாய், அந்தக் கப்பைப் பார்த்திருக்கிறாய், இல்லையா?

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் எழுந்தார். போய் அம்மா வெளியே எடுத்துவைத்த பாத்திரங்களைத் திரும்ப அடுக்கினார்.

அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். அவருடைய விசா அந்தக் கடையோடு கட்டியது. கடை போனால் நாடும் போயிற்று. நாங்கள் பயந்தது எங்களுக்கு நடக்கவில்லை, அவருக்கு நடந்தது. கடைசி நாள் தன் கத்திகளைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். மகளின் படத்தைச் சுவரிலிருந்து கிழியாமல் பிரித்தார். விசிறியை அங்கேயே விட்டுவிட்டார். ஜூலைக்கு அந்தப் பெண் எங்கே போனாளோ, அந்தக் கட்டிலை அவர் என்ன செய்தாரோ, எனக்குத் தெரியாது. வாசலில் நின்று அம்மாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதை மட்டும் நான் ஒரு சொல் குறையாமல் அம்மாவிடம் சொன்னேன்: “அந்தப் பையன் இப்ப சாப்பிடறானான்னு கேக்கறார்.” அம்மா ஆமாம் என்று தலையாட்டிவிட்டு உள்ளே ஓடிப்போனாள்.

அவருடைய இடத்தில் முதலாளியம்மா அம்மாவை வைத்தார். அதன் பிறகு அம்மா செய்த சோற்றில் வினிகர் கண்ணைக் கரிக்கும். வாடிக்கையாளர்கள் முனகினார்கள், அவள் ஒரு சொட்டுக் குறைக்கவில்லை. நர்ஸ் ஆன்ட்டி வீடு மாறிப் போய்விட்டார். பையன் பிழைத்து, வளர்ந்து, எங்கோ நன்றாக இருப்பதாகக் கேள்வி. டம்ளரை நான் ஒனிஹங்கா பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அப்பாவின் பெயர் மேலே தெரிந்தது, அதைக் கவிழ்த்துப் போட்டேன். வீட்டில் ஐந்து டம்ளர்தான் மிச்சம். ஆறாவது எங்கே என்று அம்மா ஒருநாளும் கேட்கவில்லை. கவனிக்கவில்லை என்று நினைத்தேன். கரண்டி ஒன்று இடம் மாறினால் கண்டுபிடிக்கிறவள் அவள். எனக்குப் புத்தி இருந்த லட்சணம் அப்படி.

அப்பா போய் ஆறு வருடமாகிறது. அம்மா இப்போது என்னோடு இருக்கிறாள். போன மாதம் ஒரு மத்தியானம், என் மகள் மிச்சம் வைத்திருந்த சுஷி டப்பாவைக் கழுவுவதற்காகத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

“வினிகர் பத்தல” என்றாள். டப்பாவை மூடிக் குப்பையில் போட்டாள். கையைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், நேற்று நடந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள்: “அன்னிக்கு அந்த டம்ளர உன் பையில வச்சது நான்தான்.”

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன்.

“ஞாயித்துக்கிழமை சாயங்காலமே வச்சுட்டேன். நீ எடுத்துக் கொடுத்தா கொடுக்கட்டும், இல்லன்னா விதின்னு நினைச்சேன். கடையில ஆறு மாசம் இருந்தவளுக்கு நீ இங்கிலீஷ்ல என்ன சொன்னேன்னு புரியாதா? வாயத் தொறந்து நோன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். சொல்லல.” கை துடைத்த துணியை மடித்தாள். “உண்மையச் சொல்லிட்டேன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். தமிழ்ல சொன்னேன். உனக்கு மட்டும் கேக்கற மாதிரி சொன்னேன். பாவத்தத் தூக்கி உன் தலையில வச்சுட்டேன்டி.”

அவள் பாத்திரங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்துத் தேடியது என் கண் முன்னால் வந்தது. முப்பது வருடமாக என் ஒருத்தியின் பாவம் என்று நான் சுமந்ததில் பாதி அவளுடையது. ஆத்திரம் வந்தது. அழுகை வந்தது. அவளுடைய ஒட்டிய தோள்களைப் பார்க்கப் பார்க்க ஆத்திரம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அவள் தன் பங்கைச் சொல்லிவிட்டாள். என் பங்கைச் சொல்ல இதைவிட நல்ல நேரம் இனி வராது. சொல்லிவிடுவது என்றுதான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்தேன்.

அதற்குள் அம்மா பேசினாள். “நல்ல மனுஷன்தான். ஆனா ஒரு குறை இருக்கு எனக்கு. கோடு போட்டுக் கொடுத்தாரே, அது எதுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்ல? ருசிக்குன்னு நினைச்சுல்ல குறைச்சேன். சோறு கெடாம இருக்கத்தான்னு சொல்லியிருந்தா நான் குறைச்சிருப்பேனா?”

அவள் முகத்தைப் பார்த்தேன். எழுபத்தைந்து வயது. பதிலுக்காகக் காத்திருந்தாள்.

“ஆமாம்மா” என்றேன். “சொல்லியிருக்கலாம்.”